உப்புக் காற்றுக்குத் தாங்கும் கூடுதல் விளக்கு: ஜீப்புக்கு நாமே ஒயரிங் செய்வது எப்படி?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் ஃபோர்-வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் முன்பக்கம் இரண்டு கூடுதல் விளக்குகளைப் போட விரும்புவதில் நியாயம் இருக்கிறது. அரவைப் பருவத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு ஏற்றிய டிரெய்லர்கள் பின்விளக்கு இல்லாமல் ஊர்ந்து போகும். பண்ருட்டிப் பகுதியின் முந்திரித் தோப்புகளுக்குள் போகும் மண் பாதைகளில் விளக்குக் கம்பமே இருக்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையைத் தாக்கியபோது, மின்சாரம் போன ஊர்களுக்குள் விழுந்து கிடந்த மரத்தை முன்கூட்டியே காட்டக்கூடியது வண்டியின் விளக்கு ஒன்றுதான்.

ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கடற்கரையில் கூடுதல் விளக்கு எரியாமல் போனால், பல்பு போய்விட்டது என்று நினைப்பதற்கு முன் இணைப்புகளைப் பாருங்கள். உப்புக் காற்று புகுந்த இணைப்பில் செம்பு களிம்பேறி, மின்சாரம் தடைபடும். அதனால் விளக்குக்குச் செலவிடும் பணத்தைச் சற்றுக் குறைத்தாலும் பரவாயில்லை, ஒயர், லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பு), எர்த் (நெகட்டிவை வண்டியின் பாடியோடு இணைப்பது) இவற்றில் குறைக்காதீர்கள்.

எந்த விளக்கு?

ஒளி விழும் விதத்தை வைத்து மூன்று வகை. ஃபாக் விளக்கின் ஒளி அகலமாகவும் தாழ்வாகவும் விழும். மழைக்கும் மார்கழிப் பனிமூட்டத்துக்கும் அதுதான் சரி. ஸ்பாட் விளக்கு குறுகலாக வெகுதூரம் போகும். டிரைவிங் விளக்கு இரண்டுக்கும் நடுவில் இருந்து, ஹை பீமுக்குத் துணை செய்யும். வடகிழக்குப் பருவமழையில் வண்டி ஓட்டும் நமக்கு, ஒரே ஜோடிதான் வாங்கப் போகிறோம் என்றால் பம்பரில் தாழ்வாகப் பொருத்தும் ஃபாக் விளக்கையே நான் சொல்வேன். தலைக்கு மேல் நீளமாகப் போடும் லைட் பார் பார்க்க எடுப்பாக இருக்கும். ஆனால் அதன் ஒளி பானெட்டில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும். மழையில் ஒவ்வொரு துளியும் அதைத் திருப்பி அடிக்கும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்கைத் தடுக்கின்றன. ஸ்பாட் விளக்கு, தேடு விளக்கு போன்றவற்றுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. வாங்கும் முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விளக்கைத் தாங்குவதற்கென்று பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பிச் சட்டம் (கிராஷ் கார்டு) போட வேண்டாம். அதற்கு 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தடை விதித்தது; அது பாதசாரிக்கும் ஆபத்து, ஏர்பேக் வேலை செய்வதையும் கெடுக்கும்.

சிறிய கணக்கு

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 55 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 110 வாட். 12-ஆல் வகுத்தால் சுமார் 9.2 ஆம்பியர். இதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸும் 2.5 சதுர மி.மீ. ஒயரும் போதும். 30 வாட் எல்இடி இரண்டு என்றால் 5 ஆம்பியர்தான், 7.5 ஆம்பியர் ஃபியூஸ் போடலாம். மலிவான எல்இடி விளக்குகளின் பெட்டியில் அச்சிட்ட வாட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) 10 ஆம்பியர் நிலையில் தொடராக இணைத்து ஒரு விளக்கு எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை.

ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, ஒயரை. ஒயர் எங்காவது உராய்ந்து பாடியைத் தொட்டால், அது சூடாகித் தீப்பிடிக்கும் முன் ஃபியூஸ் உருக வேண்டும். அதனால்தான் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் அதை வைக்கச் சொல்கிறார்கள். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ள துண்டு ஒயருக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது.

ஒயர் வாங்கும்போது கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். முனையில் கொஞ்சம் தோலை உரித்து, ஒரே ஒரு இழையை எடுத்து பிளேடால் மெல்லச் சுரண்டுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அது செம்பு பூசிய அலுமினியம், வாங்காதீர்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் அது வெள்ளீயம் பூசிய செம்பு. உப்புக் காற்றுக்கு மிகவும் ஏற்றது, விலை சற்றுக் கூடுதல். விசைப்படகுகளுக்கு ஒயரிங் செய்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். முழுக்கச் சிவப்பு என்றால் சாதாரணச் செம்பு. முனைகளை நன்றாக மூடினால் அதுவும் போதும்.

மற்றவை: நான்கு முனை ரிலே ஒன்று (12 வோல்ட், 30 ஆம்பியர்), மூடியுள்ள ஃபியூஸ் ஹோல்டர், ஸ்விட்ச், வளைய லக்குகள், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடாக்கினால் சுருங்கும் உறை), நெளிவுக் குழாய், கேபிள் டை, கிரிம்பிங் பிளையர் (லக்கை ஒயரோடு நெரித்து இறுக்கும் கருவி). ஸ்விட்சுக்குப் போகும் ஒயர் 1 சதுர மி.மீ. இருந்தால் போதும்.

ரிலே எதற்கு?

வயலில் பம்புசெட் ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்துகிறீர்கள். மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அந்தப் பொத்தான் வழியாக ஓடுவதில்லை. ரிலேயும் அப்படித்தான். ஸ்விட்ச் வழியாக 0.2 ஆம்பியர் அளவுக்குத்தான் மின்சாரம் போகும். அது ரிலேக்குள் இருக்கும் சுருளைக் காந்தமாக்கும். காந்தம் கனமான தொடுமுனையை இழுத்து மூடும். பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேர்வழி திறந்துவிடும். டேஷ்போர்டு ஸ்விட்சும் வண்டியின் பழைய ஒயரும் சூடாகாது.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30 பேட்டரியிலிருந்து வருவது. 87 விளக்குக்குப் போவது. 86 ஸ்விட்சிலிருந்து வருவது. 85 எர்த். ஐந்து முனை ரிலே கையில் இருந்தால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும். அதில் எதையும் இணைக்காதீர்கள். அது ரிலே ஓய்வில் இருக்கும்போது மின்சாரம் தருகிற முனை. அதில் விளக்கை மாட்டினால் ஸ்விட்சை அணைத்த பிறகுதான் விளக்கு எரியும்.

வேலையைத் தொடங்குவோம்

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டுவிட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் முதலில் கழன்றிருந்தால் அந்த ஆபத்து இல்லை. மோதிரம், கைச்சங்கிலி இருந்தால் கழற்றி வையுங்கள்.

விளக்குகளை பம்பரில், கம்பெனியே விட்டிருக்கும் துளைகளில் அல்லது உறுதியான பிராக்கெட்டில் பொருத்துங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் காற்றை மறைக்க வேண்டாம். சித்திரை வெயிலில் எஞ்சின் அதற்குப் பதில் சொல்லும். நம்பர் பிளேட்டும் மறையக்கூடாது. போல்ட், நட் இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இப்போதைக்கு முழுவதும் முறுக்க வேண்டாம், கடைசியில் ஒளியைத் திருத்த வேண்டியிருக்கும்.

ரிலேயை பேட்டரிக்கு அருகில், எஞ்சின் சூடு நேராகப் படாத இடத்தில், முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி பொருத்துங்கள். முனைகள் மேல்நோக்கி இருந்தால் வண்டி கழுவும் தண்ணீர் உள்ளே தங்கும்.

ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு, காலி ஹோல்டரை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து வரும் ஒயரில் இணைத்து, அதை ரிலேயின் 30-க்குக் கொண்டுபோங்கள். 87-இலிருந்து ஒரு ஒயர் முன்பக்கம் போய், அங்கே இரண்டாகப் பிரிந்து இரு விளக்குகளின் பாசிட்டிவுக்குப் போகட்டும். எல்லா ஒயரும் நெளிவுக் குழாய்க்குள். ரேடியேட்டர் ஃபேன், எக்ஸாஸ்ட், கூர்மையான தகட்டு விளிம்பு மூன்றிலிருந்தும் விலகி இருக்க வேண்டும்.

ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கத்தை இந்த வேலையில் விட்டுவிடுங்கள். வெயிலில் டேப்பின் பசை இளகும், அந்த வழியே உப்பு உள்ளே போகும். ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் வண்டிக்கு அவ்வளவு நல்லதல்ல. ஈயம் முடியும் இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும். லக்கில் கிரிம்ப் செய்து, இழுத்துப் பார்த்து, அதன் மேல் பசை ஸ்லீவைச் சூடாக்கிச் சுருக்குங்கள். இரு முனைகளிலும் பசை லேசாகப் பிதுங்கி வந்தால் தண்ணீர் புக வழியில்லை என்று பொருள்.

எர்த்: இதில் அவசரம் வேண்டாம்

விளக்கின் நெகட்டிவ் ஒயரை விளக்கின் பிராக்கெட்டிலேயே மாட்டிவிடுவது எளிது. ஆனால் பிராக்கெட்டுக்கும் பம்பருக்கும் நடுவில் பெயிண்ட், பம்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் துரு, சில வண்டிகளில் பம்பரே பிளாஸ்டிக். எர்த் ஒயரைத் தனியாக இழுத்து, பாடியில் ஓர் உறுதியான போல்ட்டைத் தேடுங்கள். அதைக் கழற்றி, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் தேயுங்கள். பெயிண்ட் போய், அடிப் பூச்சு போய், இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். வளைய லக், பல் வாஷர், போல்ட் என்ற வரிசையில் வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு அதன் மேல் கிரீஸ் அல்லது வாசலினைத் தாராளமாகப் பூசுங்கள். முதலிலேயே பூசாதீர்கள்; உலோகம் உலோகத்தோடு சேர்ந்த பிறகுதான் மூட வேண்டும்.

ரிலேயின் 85-ஐயும் இப்படியொரு இடத்தில் இணைக்கலாம். புதிய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு சென்சார் இருக்கும். அத்தகைய வண்டியில் எர்த்தை நேராக பேட்டரி முனையில் மாட்டக்கூடாது. பாடியில்தான் மாட்ட வேண்டும்.

ஸ்விட்ச்

ஸ்விட்ச் ஒயரை டேஷ்போர்டுக்குள் கொண்டுபோக, ஏற்கெனவே ஒயர்கள் நுழையும் ரப்பர் வளையத்தைப் பயன்படுத்துங்கள். நுழையும் முன் ஒயரைச் சற்றுத் தொங்கவிட்டு மேலே ஏற்றினால், மழைத்தண்ணீர் தொங்கலில் சொட்டிவிடும், உள்ளே வராது.

டிரைவிங் விளக்கு என்றால் ஸ்விட்சுக்கான மின்சாரத்தை ஹை பீம் ஒயரிலிருந்து எடுங்கள். எதிரே பஸ் வரும்போது டிம் செய்தால் கூடுதல் விளக்கும் தானாகவே அணைந்துவிடும். ஒயரைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும்: பேட்டரியைத் தற்காலிகமாக இணைத்து ஹெட்லைட்டைப் போட்டால், ஹை பீமில் 12 வோல்ட் காட்டி, டிம்மில் பூஜ்யம் காட்டுவது அந்த ஒயர். இரண்டிலும் 12 காட்டினால் உங்கள் வண்டி நெகட்டிவ் பக்கம் ஸ்விட்ச் ஆகிற வகையாக இருக்கலாம். ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கணினி வழியாக ஹெட்லைட்டை இயக்கும் புதிய வண்டிகளிலும் அந்த ஒயரைத் தொட வேண்டாம், வாரண்டியும் போகலாம். ஃபாக் விளக்குக்கு பார்க்கிங் விளக்கு ஒயரிலிருந்து எடுத்தால் சரியாக இருக்கும்.

ஃபியூஸ் போடுவது கடைசியில்

எல்லாம் முடிந்ததும் நெகட்டிவ் முனையை மாட்டி, ஃபியூஸைப் போட்டு, ஸ்விட்சுக்கு மின்சாரம் எடுத்த விளக்கை (ஹை பீம் அல்லது பார்க்கிங்) எரியவிட்டு, ஸ்விட்சைத் தட்டுங்கள். ரிலேயில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். சத்தம் வந்தும் விளக்கு எரியவில்லை என்றால் 30, 87, விளக்கு எர்த் இந்த மூன்றில் குறை. சத்தமே வரவில்லை என்றால் 85, 86 அல்லது ஸ்விட்ச்.

எரிந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையை விளக்கின் பாசிட்டிவிலும் வையுங்கள். வழியில் இழந்த வோல்ட் தெரியும்; 0.3 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்ல வேலை. அதேபோல் பேட்டரி நெகட்டிவுக்கும் விளக்கின் நெகட்டிவுக்கும் நடுவில் பாருங்கள். அங்கே 0.5-ஐத் தாண்டினால் எர்த்தை மறுபடி தேய்க்க வேண்டும். ஹாலஜனில் வோல்ட் 5 சதவீதம் குறைந்தால் ஒளி 15 சதவீதத்துக்கு மேல் குறையும். அதனால் இந்தச் சிறிய எண்ணை அலட்சியம் செய்யக்கூடாது.

ஒளியைத் திருப்புதல்

சமதளத்தில், சுவரிலிருந்து ஏழரை மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். வழக்கமாக எவ்வளவு சுமையோடு போவீர்களோ அவ்வளவு சுமை வண்டியில் இருக்கட்டும்; பின்னால் கனம் ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி எவ்வளவு உயரம் என்று அளந்து, சுவரில் அதே உயரத்தில் கோடு போடுங்கள். ஃபாக் விளக்கின் ஒளி மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். டிரைவிங் விளக்கின் பளிச்சிடும் மையம் கோட்டைத் தொடலாம், மேலே போகக்கூடாது. திருத்தியதும் போல்ட்டை முழுவதும் இறுக்குங்கள்.

ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) நம் கரையில் முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலுக்கு வழி கண்டுபிடிக்கும். வண்டி வெளிச்சம் அவற்றைத் திசைதிருப்பிவிடும். இரவில் கடலோரப் பாதையில் இந்த விளக்குகளைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள்.

பிறகு பார்க்க வேண்டியவை

பெட்டியில் ஐபி 67 என்று இருந்தால், ஒரு மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். ஆனாலும் தண்ணீர் தேங்கிய சாலையில் இறங்கும் முன் விளக்கை அணைத்துச் சற்று ஆறவிடுங்கள்; சூடான விளக்கு சட்டென்று குளிர்ந்தால் தண்ணீரை உள்ளே இழுக்கும், ஹாலஜன் கண்ணாடி விரிசலும் விடும். தேவனாம்பட்டினம் போன்ற கடலோர இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டு வந்தால் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை விளக்கின் விளிம்பில் காட்டாதீர்கள். முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்கும் முன் எர்த் போல்ட்டைக் கழற்றித் துடைத்து, கிரீஸ் மாற்றி, அந்த வோல்ட் சோதனையை மறுபடி செய்யுங்கள். அதே அளவு ஃபியூஸ் இரண்டும் ரிலே ஒன்றும் டேஷ்போர்டுப் பெட்டியில் கிடக்கட்டும்.