இயேசு கடவுளா, மனிதரா? வேதம் வாசிக்கும்போது சறுக்குகிற இடங்கள்

சில வருடங்களுக்கு முன் புதிய ஏற்பாட்டை இரண்டு கலர் பென்சில்களோடு வாசிக்க உட்கார்ந்தேன். இயேசு பசித்தார், களைத்தார், தூங்கினார் என்று வருகிற இடத்துக்கெல்லாம் சிவப்பு. பிசாசைத் துரத்தினார், கடலை அடக்கினார் என்றால் நீலம். சிவப்பு மனிதத் தன்மைக்கு, நீலம் தெய்வத் தன்மைக்கு. மாற்கு 2-ஆம் அதிகாரத்திலேயே கை நின்றுவிட்டது. "பூமியிலே பாவங்களை மன்னிக்க மனுஷகுமாரனுக்கு அதிகாரம் உண்டு." மன்னிப்பது கடவுளின் வேலை, ஆகவே நீலம். மனுஷகுமாரன் என்கிறாரே, அப்படியானால் சிவப்பா?

'தேவகுமாரன் என்றால் கடவுள், மனுஷகுமாரன் என்றால் மனிதர்' என்று சின்ன வயதில் மனதில் பதிந்த பாடம்தான் இங்கே காலை வாரியது. சொல்லை மட்டும் பார்த்தால் அது சரியாகவே படும். பழைய ஏற்பாட்டைப் புரட்டினால் படம் மாறும். யாத்திராகமம் 4:22-இல் இஸ்ரவேல் ஜனம் முழுவதும் தேவனுடைய குமாரன். 2 சாமுவேல் 7:14-இல் தாவீதின் வாரிசான ராஜா தேவனுக்குக் குமாரன். லூக்கா எழுதிய வம்சவரலாறு ஆதாமையே தேவனால் உண்டானவன் என்று சொல்லி முடிகிறது. ஆகவே 'தேவகுமாரன்' என்ற பட்டத்தை மட்டும் காட்டி தெய்வத்தன்மையை நிரூபித்துவிட முடியாது.

'மனுஷகுமாரன்' அதற்கு நேர்மாறு. எசேக்கியேலைத் தேவன் தொண்ணூறு தடவைக்கு மேல் 'மனுபுத்திரனே' என்று அழைக்கிறார். அங்கே அது வெறும் மனிதன்தான். ஆனால் தானியேல் 7:13-14-இல் மனுஷகுமாரனைப் போல ஒருவர் வானத்து மேகங்களோடு வருகிறார், சகல ஜனங்களும் அவரைச் சேவிக்கிறார்கள், அவருடைய ராஜ்யத்துக்கு அழிவில்லை. பிரதான ஆசாரியன் முன்னால் விசாரணையில் நின்ற இயேசு எடுத்துக்கொண்டது இந்தக் காட்சியைத்தான். நீ கிறிஸ்துவா என்று கேட்டவனிடம் ஆம் என்று சொல்லி, மனுஷகுமாரன் தேவனுடைய வலதுபாரிசத்தில் உட்கார்ந்திருப்பதையும் மேகங்கள்மேல் வருவதையும் காண்பீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். ஆசாரியன் உடனே தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். பணிவுக்கான பட்டம் என்று நாம் நினைக்கிற சொல் வந்த பதில் அவன் காதில் தேவதூஷணமாக விழுந்தது.

அடுத்தது 'பாதி கடவுள், பாதி மனிதர்' என்கிற கணக்கு. யாரும் வாய்விட்டு இப்படிச் சொல்வதில்லை, ஆனால் மனித உடம்புக்குள் கடவுள் குடியிருந்தார் என்று பலர் சாதாரணமாகச் சொல்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில் அப்போலினாரியு என்ற ஆயர் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்: உடல் மனிதருடையது, மனதின் இடத்தில் தேவ வார்த்தை, அதாவது தேவகுமாரன். 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கம் அதைத் தள்ளியது. அக்கால ஆயர் நசியான்சு கிரகோரியின் வாதம் எளிது: எதை அவர் ஏற்கவில்லையோ, அது குணமாகவில்லை. மனித மனதை ஏற்காதவர் மனித மனதை எப்படி மீட்பார்? சிறுவன் இயேசு "ஞானத்திலும் வளர்த்தியிலும்" விருத்தியடைந்தார் என்று லூக்கா எழுதுகிறாரே. ஞானத்தில் வளர மனித மனம் வேண்டும். 451-இல் கல்கெதோன் சங்கம் இரண்டு தன்மைகளும் ஒரே ஆளில் கலவாமல், மாறாமல், பிரியாமல், விலகாமல் இருக்கின்றன என்று நான்கு எதிர்மறைச் சொற்களால் வேலி போட்டது. அது எப்படி முடியும் என்று சங்கம் விளக்கவில்லை. எப்படிச் சொல்லக்கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது புத்திசாலித்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது.

தமிழில் வாசிக்கும் நமக்கென்றே ஒரு வழுக்கல் பிலிப்பியர் 2:7-இல் இருக்கிறது. "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து, மனுஷர் சாயலானார்." வினையெச்சங்கள் வரிசையாக வருவதால், முதலில் எதையோ இறக்கி வைத்தார், பிறகு வேறொன்றை எடுத்துக்கொண்டார் என்று காது கேட்டுவிடுகிறது. 'தெய்வத்தன்மையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார்' என்ற பிரசங்கம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கிரேக்க வாக்கியத்தில் 'வெறுமையாக்கினார்' என்பதே முற்று வினை. ரூபத்தை எடுத்தது அதைச் சார்ந்த எச்சம். எப்படி வெறுமையாக்கினார்? அடிமையின் ரூபத்தை எடுத்ததன் மூலம். அவரிடமிருந்து எது போயிற்று என்று பவுல் பட்டியல் போடவே இல்லை.

கொலோசெயர் 1:15-இல் வரும் "முந்தின பேறு" முதலில் படைக்கப்பட்டவர் என்று பொருள்படாது. சங்கீதம் 89:27-இல் தாவீதை முதற்பேறாக்குவேன் என்கிறார் தேவன். தாவீது வீட்டில் கடைசிப் பிள்ளை. அது பிறந்த வரிசையைக் குறிக்கவில்லை, அந்தஸ்தைக் குறிக்கிறது. சகலமும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டது என்று அடுத்த வசனமே சொல்லிவிடுகிறது.

'325-இல் நிசேயாவில் ஓட்டுப் போட்டு இயேசுவைக் கடவுளாக்கினார்கள்' என்பது இன்று அதிகம் கேட்கிற பேச்சு. அங்கே வழக்கு வேறு. குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு என்றார் ஆரியு என்ற குரு. குமாரன் பிதாவோடு ஒரே சாரமுள்ளவர் என்று சங்கம் பதில் சொன்னது. அதற்கு இருநூறு வருடங்களுக்கு முன்பே, ரோம ஆளுநர் பிளினி பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுகிறார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். இன்னொன்றும் உண்டு: ஆதித் திருச்சபை எதிர்கொண்ட முதல் சிக்கல்களில் ஒன்று இயேசுவின் மனிதத்தன்மையை மறுப்பது. மாம்சத்தில் வந்த இயேசுவை அறிக்கைபண்ணாத ஆவியைப் பற்றி 1 யோவான் 4 எச்சரிப்பது அதனால்தான்.

சங்கடமான வசனத்தைச் சுற்றிப் போவதும் தவறுதான். கடைசி நாள் எப்போது என்பதைக் "குமாரனும் அறியார்" என்று மாற்கு 13:32 நேரடியாகச் சொல்கிறது. மனிதராக இருந்த அளவில் அறியாதிருந்தார் என்றார் நான்காம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியு. சீஷர்களுக்கு வெளிப்படுத்தும்படி அறியவில்லை என்று பொருள் கொண்டார் அவருக்குப் பின் வந்த ஆயர் அகுஸ்தீன். பின்னது வசனத்தைக் கொஞ்சம் முறுக்குகிறது என்பது என் கருத்து. "பிதா என்னிலும் பெரியவர்" என்பதையும் "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" என்பதையும் ஒன்றை வைத்து ஒன்றை அடக்காமல் இரண்டையும் பேச விடவேண்டும். இரண்டையும் எழுதியவர் ஒரே யோவான்.

கல்கெதோனை ஏற்காத காப்டிக், அர்மீனிய, சிரிய மரபினரை 'மனிதத்தன்மையை மறுப்பவர்கள்' என்று சொல்வதும் வேண்டாம். இரண்டும் கலவாமல் ஒன்றான ஒரே தன்மை என்பதே அவர்கள் மொழி. மனிதத்தன்மை தெய்வத்தில் கரைந்தது என்று போதித்ததாகச் சொல்லப்படுகிற துறவி யூத்திகேசை அவர்களும் நிராகரிக்கிறார்கள். 1973-இல் காப்டிக் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் போப் ஆறாம் பவுலும், கிறிஸ்து முழுக் கடவுள், முழு மனிதர் என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள்.

பென்சில்களை நான் கடைசியாக எடுத்தது யோவான் 11-இல். "இயேசு கண்ணீர் விட்டார்" என்ற வரிக்குச் சிவப்புக் கோடு போட்டேன். எட்டு வசனம் தள்ளி, "லாசருவே, வெளியே வா என்று உரத்த சத்தமாய்க் கூப்பிட்டார்." செத்தவன் எழுந்து வருகிறான், நீலம்தான். ஆனால் உரத்த சத்தம் வந்தது சற்று முன் அழுத அதே தொண்டையிலிருந்து. அந்த வரி இன்னும் கோடில்லாமல் கிடக்கிறது.