ஏலியன் படையெடுப்புக் கதையில நம்பிக்கைய எப்படி வளர்க்கிறது?

ஏலியன் படையெடுத்து வர்ற கதைல சண்டைய நல்லா எழுதிடுறாங்க, ஆனா ஒரு மனுஷனும் ஒரு ஏலியனும் ஒருத்தர ஒருத்தர் நம்ப ஆரம்பிக்கிற இடம் வந்ததும் ஒரே சீன்ல முடிச்சிடுறாங்க, கண்ணப் பார்த்தாங்க, புரிஞ்சிடுச்சு, அவ்ளோதான். என்னைக் கேட்டா கதையோட உயிரே அங்கதான் இருக்கு, அதனால நிதானமா எழுதுங்க.

முதல்ல அவங்க ஏன் வந்தாங்கன்னு முடிவு பண்ணிக்கோங்க. பூமியப் பிடிக்க வந்தாங்கன்னு சொன்னா மட்டும் பத்தாது. அவங்க கிரகம் செத்துட்டிருக்கா, வேற யாராவது துரத்துறாங்களா, இல்ல நம்மள ஒரு உயிராவே அவங்க நினைக்கலையா? எச்.ஜி. வெல்ஸ்ங்கிற ஆங்கில எழுத்தாளர் 1898ல புத்தகமா வந்த தன்னோட செவ்வாய் கிரகப் படையெடுப்பு நாவலோட முதல் அத்தியாயத்துலயே, செவ்வாய்க்காரங்கள ரொம்பக் கடுமையா பேசுறதுக்கு முன்னாடி, ஆஸ்திரேலியா பக்கத்துல இருக்கிற டாஸ்மேனியா தீவு மக்கள ஐரோப்பாலேர்ந்து போனவங்க எப்படி அழிச்சாங்கன்னு நினைச்சுப் பாருங்கன்னு சொல்லிடுறார். இரக்கத்துக்கு விதை அங்க விழுது, வந்தவன் செய்றத நாமளும் செஞ்சிருக்கோம்ங்கிற இடத்துல.

அடுத்தது நம்பிக்கை. இதுக்கு பனிப்போர் காலத்து யோசனை ஒண்ணு ரொம்ப உதவும். சார்லஸ் ஆஸ்குட்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் 1962ல சொன்னது: ஒரு பக்கம் முதல்ல சின்னதா ஒண்ண விட்டுக்கொடுக்கணும், அத முன்கூட்டியே சொல்லணும், சொன்னபடி செய்யணும், எதிர்ப்பக்கம் பதிலுக்கு ஏதாவது செஞ்சா அடுத்தது கொஞ்சம் பெருசா. ஆனா தற்காத்துக்கிற பலத்த மட்டும் கைவிடக்கூடாது. இதையே சீன் சீனா பிரிச்சுக்கலாம்.

உதாரணத்துக்கு, அடிபட்ட ஏலியன் ஒண்ணு ஒரு நிலவறைல கிடக்கு, காவலுக்கு இருக்கிற பொண்ணோட தம்பி ஏலியன்களோட தாக்குதல்ல செத்தவன். அது சுவாசிக்கிற வாயு சிலிண்டரோட வால்வு இவ கைல. சாகாத அளவுக்கு மட்டும் திறந்து வைக்கிறா. மறுநாள் அது தன் கவசத்துலேர்ந்து ஒரு தகட்டக் கழட்டி இவ பக்கம் தள்ளுது, இவ மிரட்டுதுன்னு நினைச்சு துப்பாக்கிய எடுக்குறா. அது இன்னொரு தகட்டக் கழட்டுது. கவசத்துக்கு அடியில தோல் மெல்லிசா, ஒரு கத்தி போதும்ங்கிற மாதிரி இருக்கு. அப்பதான் இவளுக்கு உறைக்குது, வால்வ இன்னும் ஒரு சுத்து திறக்குறா. வசனமே வேணாம். ரெண்டு பேருக்கும் இழக்க ஏதோ இருந்துச்சு, அத எதிரி கைல கொடுத்தாங்க, அதுதான் முக்கியம்.

மொழிபெயர்க்குற மெஷின சீக்கிரம் கொண்டு வந்துடாதீங்க, தப்பாப் புரிஞ்சிக்கிறதுதான் உங்களுக்கு கிடைக்கிற நல்ல சரக்கு. பயந்தா அதோட உடம்பு என்ன பண்ணும்னு நீங்களே ஒரு விதி போட்டு கடைசி வரைக்கும் மாத்தாம வைங்க.

ரொம்ப முக்கியமா, இரக்கம் வந்ததும் செத்தவங்கள மறந்துடாதீங்க. மன்னிக்க மாட்டேன்னு நிக்கிற ஒரு ஆள் கதைல கண்டிப்பா இருக்கணும், அவர வில்லனாக்காம அவர் பேச்சுல நியாயம் இருக்குற மாதிரி எழுதுங்க. அதே மாதிரி அந்த ஏலியன அதோட கூட்டமும் துரோகின்னுதான் பார்க்கும், அதுக்கும் ஒரு விலை வைங்க.

எழுதி முடிச்சதும் ஏலியன எடுத்துட்டு எதிரி நாட்டு சிப்பாய் ஒருத்தனப் போட்டுப் படிச்சுப் பாருங்க. எதுவுமே மாறலன்னா அதோட உடம்பும் புலன்களும் இன்னும் கதைக்குள்ள வரல, அந்த சீன்களத் திரும்ப எழுதுங்க.