எஃப்-ஜீரோ வினாடி வினா: ஸ்மாஷ் வழியாக வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

எஃப்-ஜீரோ பற்றிக் கேள்வி தயாரிக்க வரும் புதியவர்களில் பலர் அந்தப் பந்தய விளையாட்டை ஆடியதே இல்லை. நின்டெண்டோ நிறுவனத்தின் பாத்திரங்கள் மோதிக்கொள்ளும் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் (சுருக்கமாக ஸ்மாஷ்) என்னும் சண்டை விளையாட்டின் வழியாகவே அதை அறிந்தவர்கள். நானும் அப்படித் தொடங்கியவன்தான் என்பதால், அவர்களுடைய கேள்வித்தாள்களில் என் பழைய பிழைகளையே மீண்டும் காண்கிறேன். ஆண்டை மாற்றி எழுதுவது போன்ற சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஃபால்கன் பஞ்சைப் பந்தயத்தில் தேடுவது

ஓர் இறுதிச் சுற்றில், எஃப்-ஜீரோ பந்தய வீரர் கேப்டன் ஃபால்கன் ஸ்மாஷில் விடும் குத்தான ஃபால்கன் பஞ்ச் எந்த எஃப்-ஜீரோ ஆட்டத்தில் அறிமுகமானது என்று கேட்டு, 1990-இல் வெளிவந்த முதல் ஆட்டமே விடை என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு போட்டியாளர் எழுந்து, "அதில் அவர் வண்டியை விட்டு இறங்குவதே இல்லையே, யாரைக் குத்துவார்?" என்று கேட்டார். அந்தச் சுற்றையே ரத்து செய்ய நேர்ந்தது. அதில் முன்னிலையில் இருந்த அணி கோப்பையை இழந்தது. இன்றும் அதே கேள்வி யாருடைய தாளிலாவது வரும்போது எனக்கு எரிச்சல் மூள்கிறது.

முதல் ஆட்டத்தின் திரையில் ஓடுவன வண்டிகள் மட்டுமே. கேப்டன் ஃபால்கனின் முகத்தைக் காண, உடன் வந்த கையேட்டில் இருந்த படக்கதையைத்தான் புரட்ட வேண்டும். அந்தக் குத்து 1999-இல் வெளிவந்த முதல் ஸ்மாஷில் பிறந்தது. ஸ்மாஷுக்கு முன்பு அதன் படைப்பாளர் மசஹிரோ சகுராய் உருவாக்கிய, நின்டெண்டோ பாத்திரங்கள் எவருமே இல்லாத 'டிராகன் கிங்' என்னும் முன்மாதிரியின் அசைவுகளைத் தழுவியே ஃபால்கனின் சண்டைமுறை அமைந்தது. எஃப்-ஜீரோ தந்தவை பெயர், உடை, ப்ளூ ஃபால்கன் வண்டி ஆகியவை மட்டுமே. 2003-இல் தொடங்கிய எஃப்-ஜீரோ அனிமே தொடர் பின்னர் இந்தக் குத்தை எடுத்துக்கொண்டது. குழப்பம் வேரூன்றியதில் அதற்கும் பங்குண்டு.

மியூட் சிட்டி ஒன்றுதான் என்று நினைப்பது

மியூட் சிட்டி என்பது எஃப்-ஜீரோ பந்தயப் பாதையை ஒட்டி ஸ்மாஷில் அமைந்த சண்டை மேடையின் பெயர். 2001-இல் வந்த மெலே என்னும் இரண்டாவது ஸ்மாஷின் மியூட் சிட்டியில், மேடை பந்தயப் பாதை நெடுகப் பறந்து ஆங்காங்கே நிற்கும். அப்போது பின்னாலிருந்து பாய்ந்து வரும் வண்டிகள் வீரர்களை மோதித் தூக்கி எறியும். 2014-இல் 3டிஎஸ் என்னும் கையடக்கக் கருவிக்கான ஸ்மாஷ் பதிப்பில் வந்ததோ, முதல் எஃப்-ஜீரோ ஆட்டத்தின் தட்டையான தோற்றத்தைக் கொண்ட வேறொரு மேடை. பின்னர் வந்த ஸ்மாஷ் ஆட்டமான அல்டிமேட்டில் இடம்பெற்றது இந்த இரண்டாவது மேடைதான். எந்த மியூட் சிட்டி என்று குறிப்பிடாத கேள்விக்கு இரண்டு சரியான விடைகள் கிடைத்துவிடும், பிறகு நடுவர்தான் திண்டாட வேண்டும்.

முதல் ஸ்மாஷில் எஃப்-ஜீரோ மேடையைக் கேட்பது

அப்படி ஒரு மேடை இல்லை.

ஃபால்கனை எல்லா ஸ்மாஷிலும் மிக வேகமானவர் என்பது

2008-இல் அவரைவிட வேகமான சோனிக் என்னும் பாத்திரம் ஸ்மாஷுக்கு வந்துவிட்டார்.

ஜிஎக்ஸை நின்டெண்டோவே உருவாக்கியதாக எழுதுவது

2003-இல் வந்த எஃப்-ஜீரோ ஜிஎக்ஸ் ஆட்டத்தை உருவாக்கியது சேகா நிறுவனத்தின் அம்யூஸ்மென்ட் விஷன் குழு, நின்டெண்டோ வெளியிட்டது.

சாமுராய் கோரோவை ஆடும் வீரராகச் சேர்ப்பது

எஃப்-ஜீரோவில் ஃபால்கனின் போட்டியாளரான அவர், ஸ்மாஷில் வாளோடு வந்து உதவிவிட்டுப் போகிறவர் மட்டுமே.