மூலிகை தானேன்னு நினைச்சு பண்ற தப்புகள்: டிப்ரஷன், ஆங்சைட்டிக்கு மாற்று தேடுறவங்களுக்கு

டிப்ரஷனுக்கு மாத்திரைன்னு சொன்னாலே நிறைய பேருக்கு ஒரு பயம் வந்துடுது, அடிக்ட் ஆயிடுவோமோ, வெயிட் போடுமோ, நம்ம ஆளே மாறிப்போயிடுவோமோன்னு. அதனால மூலிகையில ஏதாவது இருக்கான்னு தேடுறாங்க. தேடுறதுல தப்பே இல்ல. சில மூலிகை நிஜமாவே வேலை செய்யும், ஆனா வேலை செய்யிற பொருள்னா அதுக்கும் சைடு எஃபெக்ட் இருக்கும், மத்த மருந்தோட மோதவும் செய்யும்ங்கிறதை பாதி பேர் யோசிக்கிறதே இல்ல.

இதுல ரொம்ப பேசப்படுறது செயின்ட் ஜான்ஸ் வோர்ட்ங்கிற ஒரு செடி. 2008ல காக்ரேன்ங்கிற மருத்துவ ஆய்வு அமைப்போட ரிவ்யூ 29 ஆய்வுகளை சேர்த்து பார்த்துச்சு, மிதமான டிப்ரஷனுக்கு டம்மி மாத்திரையை விட நல்லா இருக்கு, வழக்கமான மாத்திரைக்கு கிட்டத்தட்ட சமமாவும் இருக்குன்னு சொல்லுச்சு (ஜெர்மன் பேசுற நாடுகள்ல நடந்த ஆய்வுகள்ல ரிசல்ட் இன்னும் தூக்கலா வந்ததுங்கிறதையும் அதுலயே எழுதியிருந்தாங்க). இதை படிச்சிட்டு நேரா வாங்கி முழுங்குறதுதான் முதல் தப்பு.

ஏற்கனவே செர்ட்ராலின், எசிட்டலோபிராம் மாதிரி டிப்ரஷன் மாத்திரை ஏதாவது எடுத்துட்டு இருக்கீங்கன்னா அதோட இதை சேர்க்கவே கூடாது. ரெண்டுமே மூளையில இருக்கிற செரோட்டோனின்ங்கிற ரசாயனத்தை ஏத்தும், அளவு மீறுனா வர்றதுதான் செரோட்டோனின் சிண்ட்ரோம்: வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வயித்தால போகும், காய்ச்சல் அடிக்கும், மனசு நிலைகொள்ளாது. ஆங்சைட்டிக்காரங்களுக்கு இதுல ஒரு கூடுதல் சிக்கல், பானிக் அட்டாக் தான் வந்திருக்குன்னு நினைச்சு வீட்டிலேயே உக்காந்துடுவாங்க. அப்படி உக்காராதீங்க, எமர்ஜென்சிக்கு போங்க.

அடுத்தது கல்லீரல் விஷயம். இந்த செடியில ஹைப்பர்ஃபோரின்னு ஒண்ணு இருக்கு, அது மருந்தை உடைக்கிற என்சைம்களை முடுக்கி விட்டுடும், அதனால நீங்க வேற எதுக்கோ சாப்பிடுற மாத்திரை வேலை செய்யிறதுக்கு முன்னாடியே உடம்பை விட்டு போயிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க கொடுக்கிற வார்ஃபரின், எச்.ஐ.வி. மருந்துகள்னு லிஸ்ட் நீளம். இதய மாற்று ஆபரேஷன் ஆன ரெண்டு பேர் இதை எடுத்ததுல, புது உறுப்பை உடம்பு நிராகரிக்காம இருக்க கொடுக்கிற சைக்ளோஸ்போரின் மருந்தோட அளவு குறைஞ்சு, புது இதயத்தையே உடம்பு நிராகரிக்க ஆரம்பிச்சிடுச்சு, 2000ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்தது அது. நிறுத்தின அன்னைக்கே சரியாகவும் ஆகாது, என்சைம் பழைய நிலைக்கு வர ரெண்டு வாரம் மாதிரி ஆகும்.

ஆனா டாக்டர் "வேற என்ன மருந்து எடுக்கிறீங்க"ன்னு கேட்டா வர்ற பதில் "ஒண்ணும் இல்ல". மூலிகை கேப்சூல் கணக்குலயே வராது. பாட்டிலை கையோட எடுத்துட்டு போய் மேஜை மேல வைங்க, லேபிளை அவங்களே படிச்சுக்கட்டும்.

மூலிகை ஆரம்பிக்கிறேன்னு பழைய மாத்திரையை டக்குனு நிறுத்துறவங்களும் இருக்காங்க. தலை சுத்தும், தூக்கம் கெடும், தலைக்குள்ள சின்னதா கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும், உடனே நோய் திரும்பி வந்துடுச்சுன்னு பயந்துடுவாங்க. மாத்திரையை டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா தான் குறைக்கணும். ஃப்ளூஆக்செட்டின்ங்கிற டிப்ரஷன் மாத்திரைன்னா நிறுத்தின பிறகும் வாரக்கணக்குல உடம்புல தங்கும், அதனால இன்னைக்கு அதை விட்டுட்டு நாளைக்கு இதை ஆரம்பிக்கிற வேலையே கிடையாது.

மத்த மூலிகைகள்ல காவாங்கிற செடியோட வேர் ஆங்சைட்டிக்கு கொஞ்சம் உதவும், ஆனா கல்லீரல் பாதிப்பு புகார் வந்து 2002ல ஜெர்மனி தடை பண்ணுச்சு, 2014ல கோர்ட் அந்த தடையை ரத்து பண்ணுச்சு, சண்டை இன்னும் ஓயல. குடிப்பழக்கம் இருந்தா அந்த பக்கமே போகாதீங்க. அஸ்வகந்தா ஸ்ட்ரெஸ்ஸுக்கு நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா தைராய்டு ஹார்மோனை ஏத்தலாம், அபூர்வமா மஞ்சள் காமாலை வரைக்கும் போயிருக்கு, கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு வேண்டாம். குங்குமப்பூ, லாவெண்டர் எண்ணெய் கேப்சூல் ரெண்டுலயும் நம்பிக்கை தர்ற மாதிரி ஆய்வுகள் இருக்கு, குங்குமப்பூ ஆய்வுகள் பெரும்பாலும் சின்னது.

என்னைக் கேட்டா எல்லாத்தையும் விட பெரிய தப்பு, என்ன பிரச்சனைன்னே தெரியாம ஆரம்பிக்கிறது. தைராய்டு குறைவு, பி12 குறைவு, ரத்த சோகை எல்லாமே டிப்ரஷன் மாதிரியே சோர்வா படுக்க வச்சிடும், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிடும். பைபோலார், அதாவது மனசு சோர்வுக்கும் அதீத உற்சாகத்துக்கும் மாறி மாறி போற நோய், இருக்கிறவங்களுக்கு செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மேனியாங்கிற அந்த அதீத உற்சாகத்தை கிளப்பி விடலாம், தூக்கமே இல்லாம ஓவர் உற்சாகத்துல காசை வாரி இறைக்கிற அளவுக்கு போகும், அதை பார்த்துட்டு மூலிகை சூப்பரா வேலை செய்யுதுன்னு வீட்ல சந்தோஷப்படுவாங்க.

சாகணும்னு எண்ணம் வருது, சாப்பாடு இறங்கல, படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே முடியலன்னா எந்த மூலிகையையும் டெஸ்ட் பண்ணிட்டு இருக்காதீங்க, கூட இருக்கிற ஒருத்தர்கிட்ட சொல்லி அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க.