மறுக்க ஆளில்லாத தலைப்பு: வாதக் கட்டுரை கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டு சேலத்தில் எங்கள் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக வந்த பி.எட். மாணவி ஒருவரின் வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்பு. கரும்பலகையில் 'நெகிழியைத் தவிர்ப்போம்' என்று முத்து முத்தாக எழுதினார். கீழே முன்னுரை, நெகிழியின் தீமைகள், மாற்றுப் பொருள்கள், நமது கடமை, முடிவுரை என்று குறிப்புச் சட்டகம். "உங்க சொந்தக் கருத்தை எழுதுங்க. படிக்கிறவங்க மனசு மாறணும்" என்றார். பீரியட் முடிவதற்குள் முப்பத்தெட்டு நோட்டுகள் மேசைக்கு வந்துவிட்டன. ஒன்றைப் படித்தால் முப்பத்தெட்டையும் படித்த மாதிரி. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "பசங்களுக்குச் சொந்தமா யோசிக்கவே வரலீங்க மேடம்" என்றார்.

இதே வாக்கியத்தை, இதே அலுப்போடு, இருபது ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டு மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, சந்திப்பிழை, கையெழுத்து, பத்தி பிரிப்பது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை எல்லோரும் திருத்துகிறோம், வேண்டிய அளவுக்கு மேலேயே.

மறுக்க ஆளில்லாத தலைப்பு

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இன்றைய ஏழாம் வகுப்புப் பிள்ளை பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து சுவரொட்டியிலும் ஊர்வலத்திலும் உறுதிமொழியிலும் கேட்டுக்கேட்டு வளர்ந்த செய்தி அது. 'நெகிழி நல்லது' என்று எழுந்து நிற்க வகுப்பில் ஒருவர்கூட இல்லை. எதிரில் ஆளே இல்லாதபோது யாரை இணங்க வைப்பது? பிள்ளை, தான் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. அது ஒப்பித்தல், அதற்கு யோசனை தேவைப்படுவதில்லை.

மரம் வளர்ப்போம், நீரைச் சேமிப்போம், சாலை விதிகளை மதிப்போம், எல்லாம் இந்த வகைதான். உள்ளூர்த் தலைப்பு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, மாம்பழப் பருவத்தில் 'கல் வைத்துப் பழுக்க வைக்கலாமா?' என்று கொடுப்பவர்களும் உண்டு. கார்பைடு கல்லால் பழுக்க வைப்பது சட்டப்படியே தடை செய்யப்பட்டது. சேலத்துப் பிள்ளை எது அதை ஆதரித்து எழுதும்?

இந்தத் தவறு எனக்கு இன்னும் ஆறாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மலைப் பள்ளியில் நான் கொடுத்த தலைப்பு 'மரங்களைக் காப்போம்'. 1820களிலிருந்து காபி விளையும் மலை அது. என் வகுப்பில் பாதிக்குமேல் எஸ்டேட் தொழிலாளர்களின் பிள்ளைகள். எல்லோரும் மரம் மழை தரும், நிழல் தரும், கனி தரும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு சிறுமி மட்டும் ஐந்தே வரி எழுதியிருந்தாள். எல்லா மரத்தையும் அப்படியே விட்டுவிடக் கூடாது, நிழல் அதிகமானால் காபி சரியாகப் பூக்காது, அதனால் அவள் அப்பா வருஷா வருஷம் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளைகளைக் கழிப்பார், கழித்தாலும் மரம் சாகாது, மறுபடி துளிர்க்கும். இதுதான் அவள் சொன்னதன் சாரம்.

நான் சிவப்பு மையால் 'தலைப்புக்கு மாறானது' என்று எழுதினேன். திரும்ப எழுதிவரச் சொன்னேன். மறுநாள் மற்றவர்களுடையதைப் போலவே ஒன்றரைப் பக்கம் எழுதிவந்தாள். பத்துக்கு எட்டு மதிப்பெண் போட்டேன்.

சில மாதம் கழித்து, பருவமழைக்கு முன்பு, பள்ளிக்கு மேலே ஒரு காபித் தோட்டத்து வழியாக நடந்து போனேன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் உச்சியில் ஆட்கள் கயிறு கட்டி நின்று கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கீழே காபிச் செடிகள்மேல் வெயில் திட்டுத் திட்டாக இறங்கியது. அந்த ஐந்து வரி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வகுப்பு முழுவதும் எழுதியதில் வாதம் என்று சொல்லத் தக்கது அது ஒன்றுதான். அதில் ஒரு நிலைப்பாடு இருந்தது, காரணம் இருந்தது, கண்ணால் கண்ட சான்று இருந்தது, 'மரம் செத்துவிடாதா?' என்று கேட்பவருக்கு முன்கூட்டியே பதிலும் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை யாரும் சொல்லித்தராமல் செய்ததை நான் அடித்துவிட்டேன். அந்த ஆண்டு முழுக்க அவள் தன் கருத்து என்று எதையும் எழுதவில்லை. டீச்சருக்கு என்ன வேண்டுமென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தவறான தலைப்பால் ஒரு பீரியட் வீணாவதோடு போவதில்லை. 'கட்டுரை என்றால் பெரியவர்கள் கேட்க விரும்புவதை எழுதுவது' என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அந்தப் பாடத்தை மறக்கவைக்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இப்போது தலைப்பைப் பலகையில் எழுதும் முன் ஒரு சோதனை செய்கிறேன். ஆம் என்பவர்கள் ஜன்னல் பக்கம், இல்லை என்பவர்கள் கதவுப் பக்கம் போய் நிற்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஐந்து பேராவது இல்லையென்றால் தலைப்பை மாற்றிவிடுவேன். மலைப் பள்ளியில் பிற்பாடு நன்றாக ஓடிய தலைப்பு ஒன்று: கோடை விழா நாள்களில் சொந்த வண்டிகளை மலைக்கு விடலாமா, அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிவரலாமா? ஏரிக்கரையில் அம்மா சோளக்கதிர் சுட்டு விற்கும் பையன், கார்க்காரர்கள்தான் நிறுத்தி வாங்குவார்கள் என்றான். இன்னொருத்தி, பிரசவத்துக்காகத் தன் அத்தையைச் சேலத்துக்கு அழைத்துப் போன வண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் நெரிசலில் நின்றதைச் சொன்னாள். இருவர் சொன்னதும் உண்மை. அன்று மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

பழைய தலைப்பையே திருத்தியும் பார்க்கலாம். பூ விற்கும் பாட்டி கவருக்குப் பதிலாக எதில் கட்டித் தருவார், அந்தச் செலவை அவர் ஏற்பதா வாங்குகிறவர் ஏற்பதா என்று கேட்டால் நெகிழியிலும் வாதம் பிறக்கும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு பக்கம் நிற்க ஆள் இருந்தால் எதையும் தலைப்பாக்கலாம் என்று பொருளல்ல. சாதி, மதம், ஒரு பிள்ளையின் வீட்டுத் துன்பம், 'பெண் பிள்ளைகள் மேலே படிக்க வேண்டுமா?' போன்றவற்றை ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் வைக்காதீர்கள். அங்கே நிற்கும் பிள்ளைக்குத் தன் வாழ்க்கையே ஓட்டுக்கு விடப்பட்டது போல் இருக்கும்.

யாருக்கு என்று சொல்லாமல் எழுதச் சொல்வது

எட்டாம் வகுப்பில் ஒரு குறை இருந்தது. கால அட்டவணையில் வாரத்துக்கு இரண்டு விளையாட்டு பீரியட். அவற்றைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது. இதைத் தலைப்பாக வைத்தோம். முதல் வரைவில் எல்லோரும் 'விளையாட்டு உடலுக்கும் உள்ளத்துக்கும் நல்லது' என்று தொடங்கினார்கள். "இதைத் தலைமையாசிரியருக்கு எழுது" என்றேன், நடை மாறியது. "இப்போ கணக்கு டீச்சருக்கே எழுது" என்றேன், காரணங்களே மாறிவிட்டன. அவருக்குப் பாடப்பகுதி முடிய வேண்டும் என்ற கவலை. உடல்நலம் பற்றி அவருக்குச் சொல்லி என்ன பயன்? விளையாடிவிட்டு வந்த நாளில் கடைசிப் பீரியட் கணக்கை யாரும் தூங்கி வழியாமல் கேட்கிறோம் என்பதுதான் அவருக்குப் படும்.

முதல் வரைவில் ஒரு பையன் '90 சதவீதம் விளையாட்டு பீரியட்கள் பறிக்கப்படுகின்றன' என்று எழுதினான். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. ஒரு மாதம் எண்ணச் சொன்னேன். எட்டில் மூன்றுதான் நடந்தன. 'எட்டில் மூன்று' என்று எழுதிய கட்டுரையை யாரும் தள்ளிவிட முடியாது.

மறுபக்கத்தை ஒளித்துவைப்பது

எதிர்க்கருத்தைச் சொன்னால் தம் வாதம் பலவீனமாகிவிடும் என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பயிற்சிக்கு வருபவர்களோ, எதிர்க்கருத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குவதை ஆங்கிலப் பாடத்திலிருந்து வந்த உத்தி என்று நினைக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் எழுவகை மதம் என்று பட்டியலிட்டிருக்கிறார் (மதம் என்றால் இங்கே கொள்கை). உடன்படல், மறுத்தல் ஆகியவற்றை அடுத்து வருவது 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு'. மற்றவர் கொள்கையை முதலில் ஏற்று, பிறகு அதை நீக்குவது. பி.எட். முடித்த தமிழாசிரியர் எல்லோரும் இதைத் தேர்வுக்குப் படித்தவர்கள்தான். வகுப்பறைக்கு மட்டும் கொண்டுவருவதில்லை.

எட்டாம் வகுப்புக்கு நான் இதை இப்படிச் சொல்வேன்: கணக்கு டீச்சர் சொல்வதில் நியாயம் எது? அதை அவரே 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று தலையாட்டும்படி முதலில் எழுது. அதற்கப்புறம் உன் பதிலை எழுது. கேலியாக எழுதினால் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மாதிரிக் கட்டுரையை முதலில் படித்துக் காட்டுவது

பிள்ளைகள் எழுதிய பிறகு காட்டுங்கள்.

'ஏனென்றால்' இருந்தால் காரணம் இருக்கிறது என்று நம்புவது

'கைபேசி மாணவர்களுக்குத் தேவை. ஏனென்றால் அது மிகவும் அவசியமானது.' இந்த மாதிரி வாக்கியத்துக்குச் சரி போட்டுக்கொண்டு போகிறோம். சொன்னதையே வேறு சொல்லில் சொல்லியிருக்கிறது, அவ்வளவுதான். நன்னூல் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' என்று வைத்தது இதைத்தான். நான் ஓரத்தில் 'அதனால்?' என்று மட்டும் எழுதுவேன். பிள்ளை பதில் எழுதியதும் மறுபடி 'அதனால்?'. மூன்றாவது முறை வரும் பதிலில் பெரும்பாலும் வீடு வந்துவிடும்: அப்பா கொலுசுப் பட்டறையில் இரவு ஒன்பது வரை இருப்பார், மழை நாளில் டியூஷன் இல்லையென்றால் சொல்ல வழியில்லை. கட்டுரையை அங்கிருந்து தொடங்கச் சொல்ல வேண்டும்.

குறளைச் சான்றாக ஏற்பது

மேற்கோளுக்குத் தனியாக மதிப்பெண் போடாதீர்கள்.

பட்டிமன்றத்தை அப்படியே காகிதத்தில் இறக்குவது

பட்டிமன்றம் எனக்குப் பிடிக்கும். பிள்ளைகளுக்கு வாய் திறக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அங்கே பேச்சாளர் தன் எதிரணியை இணங்க வைக்க முயல்வதில்லை. நடுவரும் கூட்டமும்தான் குறி, கைதட்டல்தான் அளவுகோல். அந்தப் பழக்கத்தோடு எழுதும் பிள்ளை 'நடுவர் அவர்களே!' என்ற தொனியிலேயே எழுதும், எதுகை தேடும், எதிரணியை மட்டம் தட்டும். முதல் நாள் பேசட்டும். மறுநாள் அணி மாறி உட்கார்ந்து, நேற்று தன்னை எதிர்த்தவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதட்டும்.

'ஒரு பக்கத்துக்குக் குறையாமல்'

ஆறாம் வகுப்புக்கு ஐந்து வரி போதும். என்னிடம் அப்படி ஒன்று வந்தது, நான்தான் திருப்பி அனுப்பினேன்.

நோட்டோடு முடித்துவிடுவது

மதிப்பெண் போட்டு, கையெழுத்திட்டு, அடுக்கிவைத்துவிட்டால் பிள்ளைக்கு நாம் மட்டுமே வாசகர். ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது உரியவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

விளையாட்டு பீரியட் கடிதத்தை வகுப்பே சேர்ந்து தேர்ந்தெடுத்து, இரண்டு பேர் கணக்கு டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர் ஆசிரியர் அறையில் என் எதிரிலேயே உட்கார்ந்து இரண்டு முறை படித்தார். 'எட்டில் மூன்று' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுநாள் வகுப்பில், வியாழக்கிழமை பீரியடை இனித் தொடமாட்டேன், செவ்வாய்க்கிழமையை மட்டும் காலாண்டுத் தேர்வு வரை கொடுங்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டார். இது வெற்றியா தோல்வியா என்று மதியச் சாப்பாடு முடியும்வரை சண்டை. அடுத்த வாரம் கட்டுரைத் தலைப்பை நான் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. காலாண்டுக்குப் பிறகு செவ்வாய்க்கிழமை யாருக்கு என்று அவர்களே பலகையில் எழுதிவைத்திருந்தார்கள்.