கைபேசியைக் கொண்டு புவியின் உண்மை வடிவத்தை அளந்து பார்ப்பது எப்படி?

மெரினாவில் அலை வந்து காலை நனைக்கும் இடத்தில் நின்றுகொண்டு, திருத்தம் ஏதும் செய்யப்படாத ஜி.பி.எஸ். உயரத்தைக் கைபேசியில் பார்த்தால், சுழியத்துக்கு எண்பது மீட்டருக்கும் கீழான ஓர் எண் தெரியும். கருவி பழுதாகிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். புவியின் வடிவத்தை அளக்க நமக்குத் தேவைப்படுவது அந்த எண்தான்.

சுழற்சியின் காரணமாகப் புவி நடுக்கோட்டில் புடைத்தும் துருவங்களில் அமுங்கியும் இருக்கிறது. நடுக்கோட்டு ஆரம் 6378.137 கி.மீ., துருவ ஆரம் 6356.752 கி.மீ. என்று கொண்டு வரையப்பட்ட வழவழப்பான கணித வடிவம் ஒன்றிலிருந்தே ஜி.பி.எஸ். உயரத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் புவிக்குள் பொருள் எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை என்பதால், ஈர்ப்பும் இடத்துக்கு இடம் சற்றே மாறுகிறது. அதற்கேற்பக் கடல்மட்டம் அந்தக் கணித வடிவத்துக்குச் சில இடங்களில் மேலாகவும் சில இடங்களில் கீழாகவும் அமைகிறது. இந்தக் கடல்மட்டத்தை நிலத்துக்கு அடியிலும் நீட்டிக் கற்பனை செய்தால் கிடைக்கும் பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர். 1873-இல் ஜெர்மானியக் கணிதவியலாளர் லிஸ்டிங் சூட்டிய பெயர் அது. கணித வடிவத்துக்கும் ஜியாய்டுக்கும் உள்ள இடைவெளியே நாம் அளக்கப்போவது.

(இணையத்தில் சுற்றும் உருளைக்கிழங்கு போன்ற புவிப் படம், இந்த மேடுபள்ளங்களைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கி வரைந்தது. 30 செ.மீ. விட்டமுள்ள பள்ளிக்கூட உலக உருண்டையில், துருவ அமுக்கமே ஒரு மில்லிமீட்டர்தான். ஜியாய்டின் மிக ஆழமான பள்ளம் தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவு.)

முதலில், ஜி.பி.எஸ். தரவை அப்படியே காட்டும் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டு கைபேசியில் நிறுவிக்கொள்ளுங்கள். சாதாரண உயரமானிச் செயலிகள் பல, சொல்லாமலேயே கடல்மட்டத் திருத்தத்தைச் செய்துவிடுவதால் இதற்கு உதவாது. செயலியில், தலைப்பில் ஜி.ஜி.ஏ. (GGA) என்ற எழுத்துகள் உள்ள வரிகள் தெரிந்தால் வேலை எளிது: காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட அந்த வரியில், தலைப்பை விட்டு எண்ணினால், 9-ஆவது இடத்தில் கடல்மட்டத்திலிருந்து உயரமும் 11-ஆவது இடத்தில் ஜியாய்டு இடைவெளியும் இருக்கும். எனினும் அந்த இடைவெளி, கருவிக்குள் முன்பே ஏற்றிவைத்த அட்டவணையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவது. சில கைபேசிகளில் அது வெறுமையாகவும் இருக்கும். ஆகவே நாமே அளந்து பார்ப்பதுதான் சரி.

அதற்கு ரயில் நிலையம் போதும். நடைமேடையின் கோடியில் இருக்கும் மஞ்சள் பெயர்ப்பலகையில், ஊர்ப் பெயருக்குக் கீழே கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதப்பட்டிருக்கும். அதன் அருகே, கூரை மறைக்காத இடத்தில் கைபேசியை அசையாமல் வைத்து, பத்து நிமிடங்களாவது காத்திருந்து, நிமிடத்துக்கு ஒன்றாக, கடல்மட்டத் திருத்தம் செய்யப்படாத உயர அளவுகளைக் குறித்துச் சராசரி காணுங்கள். ஜி.பி.எஸ்.ஸில் உயரப் பிழை கிடைமட்டப் பிழையைவிட அதிகம் என்பதால், ஒரே ஒரு அளவை நம்பக் கூடாது.

பிறகு சராசரியிலிருந்து பலகை உயரத்தைக் கழியுங்கள். பலகையில் 10 மீட்டர் என்றும், கைபேசிச் சராசரி −76 என்றும் வைத்துக்கொண்டால், விடை −86. அதாவது அவ்விடத்தில் ஜியாய்டு, கணித வடிவத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கிறது. சென்னைப் பக்கம் விடை ஏறத்தாழ இப்படித்தான் வரும்.

இதையே தில்லியில் செய்தால் விடை −50-ஐ ஒட்டி வரும். கன்னியாகுமரியில் சென்னையைவிடக் கீழே போகும். ஆனால் அந்த வேறுபாடு கைபேசிப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடக்கூடும் என்பதால், சென்னை, தில்லி ஒப்பீட்டையே நான் பரிந்துரைப்பேன். தெற்கே போகப் போக எண் இறங்குவதற்குக் காரணம், இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ள, உலகிலேயே மிக ஆழமான ஜியாய்டுப் பள்ளம். அங்கே கடல்மட்டம் கணித வடிவத்துக்கு ஏறத்தாழ 106 மீட்டர் கீழே இருக்கிறது. புவியின் ஆழத்தில் எழும் சூடான, அடர்த்தி குறைந்த பொருளே இதற்குக் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் விளக்கினார்கள்.

அவ்வளவு பள்ளமென்றால் சுற்றியுள்ள நீர் ஏன் அங்கே பாய்வதில்லை என்ற கேள்வி எழும். ஜியாய்டு எங்கும் ஈர்ப்புத் திசைக்குச் செங்குத்தாகவே அமைவதால், பாய்வதற்கு அங்கே சரிவே கிடையாது. அந்தப் பள்ளத்தின் நடுவில் கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கும்.