ஆய்வறிக்கையை வைத்துத் திட்டம் போடும்போது செய்யக் கூடாதவை

டர்பனில் கம்பெனிகளின் நிலைத்தன்மைத் திட்டங்களை, அதாவது சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்கப் போடும் திட்டங்களை, பார்த்துத் திருத்திக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் நம் பிள்ளைகள் சிலர் வரைவை அனுப்பிக் கருத்துக் கேட்கிறார்கள். நாங்கள் விழுந்த அதே குழியில் வரிசையாக விழுகிறார்கள். இலக்குக்கு ஆண்டு குறிப்பிடாதது, கூட்டலில் பிசகுவது போன்றவை தானாகச் சரியாகிவிடும், விடுங்கள்.

வெளிநாட்டு ஆய்வின் முடிவை மட்டும் எடுத்துக்கொள்வது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. தெற்கு டர்பனில் ஓர் உணவுத் தொழிற்சாலை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எரிவாயு பாய்லரைக் கழற்றிவிட்டு மின்சார பாய்லர் போட்டார்கள். மின்சார பாய்லர் போட்டால் கரியமில வாயு உமிழ்வு குறையும் என்று சொல்லும் ஸ்வீடன் ஆய்வுக் கட்டுரை ஒன்றுதான் கையில் ஆதாரம். கட்டுரையில் ஒரு பிழையும் இல்லை. ஸ்வீடனில் மின்சாரம் பெரும்பாலும் நீர், அணு, காற்றிலிருந்து வருகிறது. நமக்குத் தென்னாப்பிரிக்க அரசு மின் நிறுவனமான எஸ்காம் தருவதோ பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். யூனிட்டுக்கு ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயு. அதே அளவு வெப்பத்தை எரிவாயுவில் எடுத்தால் கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். ஆக, கைக்காசைப் போட்டு உமிழ்வை நான்கு மடங்காக்கிக்கொண்டார்கள்.

சொன்னால், இயக்குநர் கேட்டார்: "அண்ணே, நம்ம புகைபோக்கியில இப்ப புகையே வரலையே?"

வரும் தம்பி, ம்புமலாங்கா மாகாணத்தில் வரும். எஸ்காமின் நிலக்கரி மின் நிலையங்கள் பெரும்பாலும் அங்கேதானே இருக்கின்றன. உமிழ்வுக் கணக்கெழுதும் முறையிலேயே இந்தப் பொறி இருக்கிறது. நாமே எரிப்பது முதல் வகை. நாம் வாங்கும் மின்சாரத்துக்காக வேறு யாரோ எரிப்பது இரண்டாம் வகை. முதல் வகை சரிந்ததை ஆண்டறிக்கையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். இரண்டாம் வகை எகிறியது பின்னிணைப்புக்குப் போய்விட்டது. புரட்டாசியில் நம் ஜனங்கள் சைவத்துக்கு மாறுவார்கள், விற்பனை கூடும், அதற்குள் பொருத்திவிட வேண்டும் என்ற அவசரம் வேறு. மறு கணக்குப் போட யாருக்கும் நேரமில்லை. அப்புறம் மின்வெட்டு வந்தது. பாய்லரை ஓட்ட டீசல் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள்.

வெப்ப பம்பு போட்டிருந்தால்? ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கொடுத்தாலும், வெப்ப யூனிட்டுக்கு 330 கிராம் வருகிறது. எரிவாயுவை விட அதிகம்தான். கூரையில் சோலார் போட்டு அதில் ஓட்டினால் கணக்கே வேறு.

எனவே கட்டுரையின் சுருக்கத்தைப் படித்ததும் முடிவுரைக்குத் தாவாதீர்கள். நடுவில் ஆய்வுமுறை என்று சலிப்பூட்டும் ஒரு பகுதி வரும். எந்த நாட்டு மின்சாரம், எந்த ஆண்டுத் தரவு, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பழைய நிலக்கரி பாய்லரோடு ஒப்பிட்டிருந்தால் உங்கள் எரிவாயு பாய்லருக்கு அந்த முடிவு உதவாது. அவர்களுடைய மின்சார எண்ணை எடுத்துவிட்டு எஸ்காமின் எண்ணைப் போட்டு, கணக்கை மறுபடி போடுங்கள். ஒரு மணி நேர வேலை.

ஸ்பெக்பூம் செடி நட்டு உமிழ்வுக் கணக்கை நேர் செய்வது

சீரழிந்த கிழக்கு கேப் புதர்க்காடுகளை மீட்பதற்கு ஸ்பெக்பூம் நல்ல செடி, ஆய்வுகள் சொல்வதும் அதைத்தான். அலுவலக வாசலில் தொட்டியில் வைத்தால் அழகாக இருக்கும், அவ்வளவே. இங்கே குவாசுலு-நடால் புல்வெளியில் மரங்களை நட்டு நிரப்புவது புல்வெளியைக் கெடுக்கும்.

சராசரி மழையை நம்பி வடிகால் போடுவது

டர்பனில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 1000 மி.மீ. 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டொங்காட் பக்கம் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. இத்தகைய பேரிடர்களில் புவி வெப்பமாதலின் பங்கை ஆராயும் வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன் குழுவின் ஆய்வாளர்கள் கணித்தபடி, புவி சூடாகாமல் இருந்திருந்தால் 40 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழை இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை வரலாம். கிடங்கு கட்டினால் அது நிற்கப்போகும் காலத்துக்குள் இன்னொன்று வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகும் சராசரியை வைத்து வடிகால் அளவு போட்ட வரைவு ஒன்று போன மாதம் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

குளிர்பதன வாயுவை மறப்பது

குளிர்பதன இயந்திரங்களில் இருக்கும் ஆர்-404ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் ஏறத்தாழ 4 டன் கரியமில வாயுவுக்குச் சமம். காகிதத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் போஸ்டரை அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

முடிவெடுத்த பிறகு ஆய்வைத் தேடுவது

வேண்டாம்.

ஆய்வாளரிடம் கேட்காமல் விடுவது

கட்டுரையிலேயே மின்னஞ்சல் முகவரி இருக்கும். குவாசுலு-நடால் பல்கலைக்கழகமோ நம் ஊரிலேயே இருக்கிறது. "எங்கள் ஆலைக்கு இது பொருந்துமா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் வராது. "மின்சாரத்துக்கு எந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டீர்கள்?" என்று கேளுங்கள், பெரும்பாலும் பதில் வந்துவிடும், சில சமயம் கணக்குத் தாளையே அனுப்பிவிடுகிறார்கள்.